சுண்டுவிரலின் சாட்சி

மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஓர் ஊரில் ஒரு மைதானம் இருந்தது. ஆண்டுக்கு ஒரு தடவை, தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, சுற்றுவட்டாரத்துக் கல்லூரிப் பெண்கள் அங்கே வாலிபால் ஆட வருவார்கள். செம்மண் தரை, சுண்ணாம்புக் கோடு, நடுவில் வலை. வலையின் ஓரத்தில் ஏணி வைத்த உயரமான நாற்காலி. அதில் நடுவர், அவர் கழுத்தில் விசில். வெகுகாலம் அந்த மைதானத்துக்கு இவ்வளவுதான் இருந்தது, இவ்வளவே போதுமாகவும் இருந்தது.

அந்த ஆண்டு புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. கிழக்குப் பக்கம் இரும்புச் சட்டம் அடித்து, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு திரையை நிறுத்தினார்கள். சுற்றிலும் கம்பங்களில் எட்டுக் கேமராக்களைக் கட்டினார்கள். நடுவர் சொன்ன தீர்ப்பில் சந்தேகம் இருந்தால், பயிற்சியாளர் எழுந்து இரண்டு கையாலும் காற்றில் ஒரு சதுரம் வரைய வேண்டும். உடனே திரை விழித்துக்கொள்ளும். நடந்ததை மறுபடியும் காட்டும். எத்தனை தடவை கேட்டாலும் காட்டும்.

அணைந்து கிடக்கும்போது அது நட்டுக்குத்தாக நிறுத்தி வைத்த கிணறு மாதிரி இருந்தது. மைதானத்து வேப்பமரத்தில் அடையும் காக்கைகள் கம்பத்தில் உட்கார்ந்தன, வலையின் மேல் உட்கார்ந்தன, நடுவர் நாற்காலியில்கூட வந்து உட்கார்ந்தன. திரையின் மேல் மட்டும் ஒன்றும் உட்காரவில்லை.

மலையடிக் கல்லூரி அணிக்கு இசக்கிப்ரியா கேப்டன். கடைசி ஆண்டு படிக்கிறாள். நெட்டை உருவம். வலையை ஒட்டி நின்று, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் அடியைக் கையை உயர்த்தி மறிப்பது அவள் வேலை. அவள் வலது சுண்டுவிரல் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். பத்தாம் வகுப்பில் பந்து பட்டு முறிந்தது, கூடும்போது கோணிக்கொண்டது. முறிந்த நாளிலிருந்து அந்த விரலுக்குப் பேச்சு வந்துவிட்டது.

பந்து கையை உரசினால் மற்ற ஒன்பது விரல்களும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் சொல்லிவிடும்: "பட்டுட்டு." வலை உரசினாலும் சொல்லும். அந்தப் பேச்சு வேறு யார் காதிலும் விழாது. ஆனால் கேட்ட உடனே இசக்கி கையைத் தூக்கி, "சார், என் கையில பட்டுட்டு," என்று தானாகவே நடுவரிடம் சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லிச் சில ஆட்டங்களில் தோற்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் கோகிலவாணி மிஸ் அப்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்.

அந்த ஆண்டின் முதல் ஆட்டத்துக்கு முன்னால் அவர் இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டார். திரையைக் கையால் காட்டினார்.

"ஏட்டி, இனிமே நீ கையத் தூக்க வேண்டாம். பட்டுச்சா படலையான்னு பாக்கத்தான் அது நிக்கி. பட்டுச்சுன்னா அதுவே சொல்லப்போகுது. உன் பாட்டுக்கு ஆடு."

இசக்கிக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஒரு பெரிய பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது. காலிறுதியில் விரல் ஒரு தடவை "பட்டுட்டு" என்றது. அவள் கை தூக்கவில்லை. யாரும் சதுரம் வரையவும் இல்லை. ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு விரல் பேசவில்லை.

இறுதி ஆட்டம் கடற்கரைக் கல்லூரியோடு. சாயந்தரம் மூன்று மணிக்கு. மலையடிப் பெண்கள் மதியமே வந்து வேப்பமர நிழலில் படுத்திருந்தார்கள். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். இசக்கிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கிடந்தாள். மைதானத்தில் ஆள் இல்லை. அப்போதுதான் அந்தப் பேச்சைக் கேட்டாள்.

"யாராவது சொல்லுங்களேன், என் வடக்கு மூலையில் நான் இருக்கிறேனா?" என்று ஒரு குரல் கேட்டது. மெல்லிய, பொடியான குரல். அது சுண்ணாம்புக் கோடு.

நடுவர் நாற்காலியில் தொங்கிய விசில் எட்டிப் பார்த்துச் சொன்னது: "ஒரு சாண் அளவுக்கு இல்லை."

"காலையிலிருந்து இரண்டு தடவை சுண்ணாம்பு போட்டுவிட்டார்கள். நிற்கமாட்டேன் என்கிறது," என்றது கோடு. "அரையிறுதியில் பந்து அந்த இடத்தில்தான் விழுந்தது. என் மேல் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் உடம்பு அல்லவா? சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரை விழித்துவிட்டது. பத்தொன்பது தடவை என்னைக் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் என்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ போயிற்று. இப்போது அங்கே என்ன நடந்தது என்று யோசித்தால், திரையில் பார்த்ததுதான் ஞாபகம் வருகிறது. என்னுடைய ஞாபகம் எங்கே போனதென்று தெரியவில்லை."

"எனக்கெல்லாம் அந்தக் கவலையே இல்லை," என்றது கூடைக்குள் கிடந்த பந்து. "எத்தனை தடவை வேண்டுமானாலும் காட்டட்டும். நான் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதே இல்லை. அடித்தால் போவேன்."

விசில் தொங்கிய இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு சொன்னது: "அந்தத் திரையை வரவழைத்தது எங்கள் ஆள்தான். நடுவர் பொன்னுலிங்கம் சார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் ஒரு பெண் வலையைத் தொட்டாள் என்று ஊதிவிட்டோம். அவள் தொடவில்லை. காற்றில் வலை ஆடியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அதோடு பல்கலைக்கழக அணியில் இடம் போயிற்று. சார் அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அவள் ஒரு தம்ளரில் தண்ணீர் கொடுத்து, பரவாயில்லை சார் என்றாளாம். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து, இந்த மைதானத்துக்குத் திரை வேண்டும் என்று கடிதம் எழுதினார். இனி ஒரு பிள்ளைக்கும் அப்படி ஆகக்கூடாது என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

"அப்படியென்றால் திரைதான் கெட்டது," என்றது கோடு.

"நான் யாரையும் தேடிப் போவதில்லை," என்றது இன்னொரு குரல். "கூப்பிட்டால்தான் வருகிறேன்."

அந்தக் குரல் இசக்கியினுடைய குரல். அவள் சொல்லாத வார்த்தைகளை அவளுடைய தொண்டையைக் கடன் வாங்கி யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தாள். திரை அணைந்துதான் இருந்தது. எழுந்து வடக்கு மூலைக்குப் போய்ப் பார்த்தாள். நீளமாக, வெள்ளையாக வந்த கோடு அங்கே ஒரு சாண் தூரம் அறுந்து, பிறகு மறுபடி தொடங்கியது. அறுந்த இடத்தில் வெறும் செம்மண். பக்கத்திலிருந்து ஒரு சிட்டிகை சுண்ணாம்பை எடுத்து அதில் தூவினாள். அது தண்ணீரில் உப்புப் போட்ட மாதிரி அவள் கண் முன்னாலேயே மறைந்தது.

"பாத்தியா?" என்றது சுண்டுவிரல். இரண்டு நாளுக்குப் பிறகு அது இப்போதுதான் பேசியது. "இன்னைக்காவது நான் சொல்றதக் கேப்பியா?"

"நீ சொல்லு, பாப்போம்," என்றாள் இசக்கி. அவளுக்கே தன் பதில் பிடிக்கவில்லை.

மூன்று மணிக்குள் மைதானம் நிரம்பிவிட்டது. இரண்டு கல்லூரிகளின் பெண்களும் ஊர் ஜனமுமாக, பார்வையாளருக்குப் போட்ட கொட்டகை கொள்ளவில்லை. பரிசுக் கோப்பையை மேற்குப் பக்கம் ஒரு மேஜையில் வைத்திருந்தார்கள். ஜெயிக்கும் அணியின் கேப்டன் நேராகப் பல்கலைக்கழக அணிக்குப் போவாள் என்று அறிவித்தார்கள். இசக்கி மூன்று வருஷமாகக் காத்திருந்த இடம் அது.

எதிர் அணியின் கேப்டன் ஜெருஷா. மணற்பாங்கில் ஓடி வளர்ந்த பெண். முழங்காலில் எப்போதும் கட்டுப் போட்டிருப்பாள். அவள் கையிலிருந்து பந்து வெடித்துக்கொண்டு வரும். போன கோடையில் ஒரு பயிற்சி முகாமில் இசக்கியும் அவளும் ஒரே அறையில் இருபது நாள் தங்கியவர்கள். ஒருத்தி சோப்பை ஒருத்தி எடுத்துக் குளித்தவர்கள். அவளும் மூன்று வருஷமாகக் காத்திருக்கிறாள் என்று இசக்கிக்குத் தெரியும்.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு செட் என்று இழுத்துக்கொண்டு போய், ஐந்தாவது செட்டுக்கு வந்து நின்றது. கடற்கரை பதினாலு, மலையடி பதிமூன்று. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை கடற்கரைக்கு.

பந்து ஜெருஷாவுக்கு உயர்ந்தது. அவள் எழும்பினாள். இந்தப் பக்கம் இசக்கி எழும்பினாள். ஜெருஷா அடித்த அடி இசக்கியின் கைகளைத் தாண்டி, பின்கோட்டுக்கு வெகுதூரம் அப்பால் போய் விழுந்தது.

பந்து நேராக வெளியே போயிருந்தால் பாயிண்ட் மலையடிக்கு. போகிற வழியில் இசக்கியின் விரலை உரசிக்கொண்டு போயிருந்தால் பாயிண்ட் கடற்கரைக்கு, அத்தோடு ஆட்டம் முடிந்தது.

"பட்டுட்டு," என்றது சுண்டுவிரல். நெருப்புக் குச்சியை உரசி வைத்த மாதிரி அது காந்தியது.

அந்த நேரத்திலேயே விசிலும் ஊதியது. பொன்னுலிங்கம் சார் தன் விரல் நுனிகளை மறு கையால் வருடிக் காட்டினார். கையில் பட்டது, பாயிண்ட் கடற்கரைக்கு என்று அதற்கு அர்த்தம்.

கடற்கரைப் பெண்கள் கத்திக்கொண்டு ஓடி வந்து ஜெருஷாவைத் தூக்கினார்கள். கோகிலவாணி மிஸ் எழுந்தார். ஒரு விநாடி இசக்கியின் முகத்தைப் பார்த்தார். பட்டதா என்று கேட்கும் பார்வை. இசக்கி ஆமென்றும் தலையாட்டவில்லை, இல்லையென்றும் தலையாட்டவில்லை. மிஸ் திரும்பிக்கொண்டு இரண்டு கையாலும் காற்றில் சதுரம் வரைந்தார்.

தூக்கியவர்கள் ஜெருஷாவைக் கீழே இறக்கிவிட்டார்கள். அவள் வலைக்குப் பக்கத்தில் வந்து, கண்ணி வழியாக இசக்கியைப் பார்த்தாள்.

"ஏட்டி, பட்டுச்சுலா?"

விரல் இசக்கியின் உள்ளங்கையைக் குத்தியது. "சொல்லு. கேக்கால்லா, சொல்லு."

இசக்கி ஜெருஷாவின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள்.

"ஸ்கிரீன்ல காட்டுவாங்கல்லா. பாப்போம்," என்றாள்.

திரை விழித்துக்கொண்டது.

முதல் தடவை எல்லாம் வேகமாக நடந்து முடிந்துவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "மெதுவா, மெதுவா!" என்று கூட்டம் கத்தியது. திரை மெதுவாகக் காட்டியது. இசக்கியின் கை பனைமர உயரத்துக்கு எழுந்தது. சுண்டுவிரல் தெருவிளக்குக் கம்பம் மாதிரி கோணலாக நின்றது. நகத்தில் பாதி அழிந்த மருதாணிகூடத் தெரிந்தது. பந்து சுழன்று வந்து அந்த விரலை நெருங்கி, கடந்து போனது.

"பட்டுட்டு!" என்றது கூட்டத்தில் பாதி.

"படலை!" என்றது மறுபாதி.

இரண்டு பக்கமும் பார்த்தது ஒரே படம்.

"இன்னொரு தடவை!"

மூன்றாவது தடவை காட்டி முடித்தபோது விரலில் காந்தல் நின்றது. இசக்கி அதைக் கவனித்தாள். பந்து பட்டு இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது, அதனால் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழாவது தடவை விரல் நமநமத்தது. பன்னிரண்டாவது தடவை குளிர்ந்தது. "இசக்கி, என்னய உறிஞ்சுது," என்றது விரல். அதன் குரல் எங்கோ கிணற்றடியிலிருந்து வந்தது. "இப்பவாவது சொல்லிரு. இன்னும் நாலஞ்சு தடவை போட்டா எனக்கே மறந்துபோகும்."

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் வார்த்தை இல்லை. நாலாயிரம் பேர் இருக்கும் மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கத்திக்கொண்டிருந்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இமைக்கவில்லை. சுண்டல் விற்பவர் பொட்டலத்தை நீட்டியபடி நின்றார். வாங்க வேண்டியவர் கையை நீட்டியபடி நின்றார். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண் தூரம் இருந்தது, யாரும் அதைக் கடக்கவில்லை. காக்கைகள் மட்டும் எழுந்து மேற்கே பறந்து போயின. அவையும் கரையவில்லை.

"இன்னொரு தடவை," என்றது கூட்டம், உதடு அசையாமல்.

இருபத்தைந்தாவது தடவை திரையில் ஒன்று நடந்தது. பந்து நெருங்கியபோது, அந்தப் பெரிய சுண்டுவிரல் கொஞ்சமாக, ஒரு நூலிழை அளவுக்கு, பந்துக்கு வழிவிட்டு ஒதுங்கியது. முன்பு அது ஒதுங்கவில்லை. இசக்கி தன் கையைக் கீழே பார்த்தாள். அவள் விரல் அசையாமல்தான் இருந்தது. சாயந்தர வெயிலில் அவள் கையின் நிழல் செம்மண்ணில் நீளமாக விழுந்திருந்தது. விரித்த கையின் நிழலில் நான்கு விரல்கள் இருந்தன.

அவள் கையை மூடிக்கொண்டாள். திரும்ப விரித்தாள். நான்குதான்.

பொன்னுலிங்கம் சார் நாற்காலியிலிருந்து இறங்கினார். ஏணியில் ஒவ்வொரு படியாக, கண் தெரியாதவர் மாதிரி காலால் தடவி இறங்கினார். திரைக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து கேட்டார்.

"பட்டுதா, படலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

திரை இப்போது அவருடைய குரலில் பேசியது. "எனக்குத் தெரியாது."

"முப்பது தடவை காட்டினியே!"

"இருந்ததைக் காட்டினேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நான் கண் சிமிட்டுகிறேன். இந்தப் பந்து அந்தச் சிமிட்டலுக்குள் போய்விட்டது. முதல் படத்தில் விரலுக்கு முன்னால் இருக்கிறது. அடுத்த படத்தில் விரலைத் தாண்டி இருக்கிறது. நடுவில் நடந்தது என்னிடம் இல்லை. அங்கே அவரவர் தங்களுக்கு வேண்டியதை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"யாரும் கேட்கவில்லை. இன்னொரு தடவை காட்டு என்றுதான் கேட்டார்கள்."

சாரின் கழுத்திலிருந்து விசில் சொன்னது: "சார், நாம் ஒரு தடவை ஊதினோமே. அதில் நில்லுங்கள். நம் கண்ணால் பார்த்துத்தானே ஊதினோம்?"

"எதுல நிக்கச் சொல்லுத?" என்றார் அவர். விசிலைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியே நடந்து இசக்கியிடம் வந்தார்.

கிட்டத்தில் வந்தபோது அவர் இத்தனை வயதானவர் என்று இசக்கிக்குத் தெரிந்தது. எப்போதும் நாற்காலியில் உயரத்தில் வைத்தே பார்த்திருக்கிறாள்.

"அம்மாடி," என்றார். "ஊதுறப்ப நான் பாத்தேன். நிச்சயமாப் பாத்தேன். பாக்காம நான் ஊதமாட்டேன். ஆனா இப்ப கண்ண மூடினா அந்தப் படந்தான் வருது. நான் பாத்தது வரமாட்டேங்கு. என் கண்ணு பாத்தத எங்க வச்சேன்னு தெரியல. இதுக்கு முன்னால எத்தனையோ தடவை நீயா வந்து, சார் என் கையில பட்டுட்டுன்னு சொல்லியிருக்க. ஒரு ஆட்டத்துல அதனாலயே தோத்தீங்க. அன்னைக்கு நான் வீட்டுல போயி உன்னயப் பத்திச் சொன்னேன். இன்னைக்கு நான் கேக்கேன். உன் விரல்ல பட்டுச்சா?"

ஜெருஷா வலையின் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி மிஸ்ஸும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் உதட்டைக் கடிக்கவில்லை. மெல்ல, "சொல்லிரு இசக்கி. எதுவா இருந்தாலும் சொல்லிரு," என்றார்.

இசக்கிக்கு அழுகை முட்டியது. சொல்லிவிட வேண்டும் என்றே இருந்தது. தோற்றாலும் சரி என்று இருந்தது. சுண்டுவிரலை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், யாருக்கும் கேட்காமல், "பட்டுச்சா? சொல்லேன்," என்றாள்.

விரல் பேசவில்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். பல் பதிந்தது, வலிக்கவில்லை. யாருடைய விரலையோ வாங்கித் தன் கையில் ஒட்ட வைத்த மாதிரி அது இருந்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால் அது காந்தியதாக ஏதோ ஒரு நினைப்பு வந்தது. அது உண்மையாகவே காந்தியதா, காந்தியதாகத் தான் நினைத்துக்கொண்டாளா? கண்ணை மூடினாள். இருட்டில் ஒரு பெரிய விரல் பந்துக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

"தெரியல சார்," என்றாள்.

"தெரியலையா?"

"சத்தியமா தெரியல சார்."

அவள் பொய் சொல்லவில்லை.

தீர்மானிக்க முடியாத பாயிண்டை மறுபடி ஆட வேண்டும் என்பது விதி. பொன்னுலிங்கம் சார் ஏணியில் ஏறினார். விசிலை வாயில் வைத்து ஊதினார். முதல் ஊதலுக்குச் சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை கன்னம் புடைக்க ஊதிய பிறகுதான் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தில் ஜனம் இமைத்தது. சுண்டல் பொட்டலம் கை மாறியது. எல்லோரும் தூங்கி எழுந்தவர்கள் மாதிரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

ஆட்டம் தொடர்ந்தது. ஆனால் கடற்கரைப் பெண்கள் கொண்டாடி முடித்துவிட்ட ஆட்டம் அது. ஒரு தடவை ஜெயித்த உடம்பை மறுபடி ஜெயிக்கச் சொன்னால் அது எழும்பவில்லை. ஜெருஷாவின் அடுத்த அடி வலையில் விழுந்தது. பதினாலுக்குப் பதினாலு. அதற்கடுத்த பந்தை ஒருத்தி எடுப்பாள் என்று இன்னொருத்தி நின்றாள், பந்து நடுவில் விழுந்தது. கடைசிப் பந்தை இசக்கிதான் மறித்தாள். இரண்டு கையையும் நேராக வைத்து, சுத்தமாக, யாரும் சந்தேகப்பட முடியாதபடி மறித்தாள். பதினாறுக்குப் பதினாலு. கோப்பை மலையடிக்கு.

யாரும் சதுரம் வரையவில்லை. ஆனாலும் திரை தானாக விழித்துக்கொண்டு அந்தக் கடைசிப் பந்தைக் காட்டியது. ஜனம் கைதட்டியது.

இரண்டு அணியும் வலைக்குக் கீழே கைகொடுத்துக்கொண்டு போவது வழக்கம். எல்லோரும் போன பிறகு ஜெருஷா கடைசியாக வந்தாள். இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நான் உன்கிட்டக் கேட்டேம்லா?"

"கேட்ட."

"அப்பத் தெரியுமா உனக்கு?"

இசக்கி யோசித்தாள். முகம் வெளிறியது. "தெரிஞ்சிருந்துச்சுன்னுதான் நெனைக்கேன். அதுவும் இப்பத் தெரியலட்டி."

ஜெருஷா அவள் கண்ணுக்குள் பார்த்தாள். ஏமாற்றுகிற முகம் எப்படி இருக்கும் என்று ஜெருஷாவுக்குத் தெரியும். அதைத் தேடித்தான் வந்திருந்தாள். அது அங்கே இல்லை. அவள் எதிர்பார்த்து வந்த கோபம் அவளுக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தது பயம். சட்டென்று கையை விட்டுவிட்டு, முழங்கால் கட்டைக்கூடச் சரி செய்யாமல் நொண்டிக்கொண்டே போய்விட்டாள்.

கோகிலவாணி மிஸ் இசக்கியின் தோளில் கை வைத்தார். "நல்லா ஆடினட்டி," என்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

கோப்பை கொடுக்கக் கூப்பிட்டார்கள். மத்தியானத்திலிருந்து மேற்கு வெயிலிலேயே காய்ந்துகொண்டிருந்த கோப்பை அது. கொடுத்த பெரியவர் வேட்டி நுனியைச் சுற்றித்தான் அதைத் தூக்கினார். இசக்கி அதை இரண்டு கையாலும் வாங்கித் தலைக்கு மேல் உயர்த்தினாள். படம் எடுத்தார்கள். பிறகு மற்றப் பெண்கள் ஆளுக்கு ஆள் பாய்ந்து வந்து தொட்டார்கள். "யம்மா, என்னா சூடு!" என்று கையை உதறிச் சிரித்தார்கள். "எப்படிட்டி இம்புட்டு நேரம் பிடிச்சிட்டு நின்ன?" என்று இசக்கியிடம் கேட்டார்கள்.

அவளுக்கும் சுட்டது, ஒன்பது விரல்களில்.